திண்டிவனத்தில் கை, விழுப்புரத்தில் கோடு

தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கு வந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், விழுப்புரத்தில் வீட்டு பிளான் வரைந்து தரும் எங்கள் சின்ன ஆபீஸின் முதலாளிக்குப் போன் செய்து, இங்கிருந்தே வரைகிறேன் என்றேன்.

“சேரு காலியா கெடந்தா, வேலை நடக்குதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? ஒரு மாசம் பாக்கறேன். சரிப்படலன்னா வேற ஆளு போட்டுடுவேன்.”

சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வரைவதில் அப்படி ஒரு ஆசை.

வரைகிற சாஃப்ட்வேர் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. என் பழைய லேப்டாப்பில் தெரிவது அதன் திரை மட்டும். மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். நெட் மந்தமான நாளில், விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்றுவிட்டு வருவதுபோல் மெதுவாகப் போய்ச் சேரும்.

முதல் வாரமே, ஒரு மாடிப்படி பாதியில் இருக்கும்போது திரை கறுத்துவிட்டது. சேவ் செய்யாத அரை நாள் வேலை. ஆபீஸைப் பெருக்கி, டீ வாங்கி வரும் அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“ஆளே இல்ல, கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கினு இருந்துச்சு. கரண்டு வீணாவுதேன்னு ஆஃப் பண்ணேன்.”

“ஆளு நான்தாங்கா! இங்கருந்து நான்தான் அதுல வேலை செஞ்சிக்கினு இருக்கேன்.”

“அப்போ நீ அதுலதான் இருக்கியா?”

விளக்கிச் சொல்ல எனக்கு ஏது பொறுமை? “ஆமா” என்று வைத்துவிட்டேன்.

அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து என் காலி நாற்காலிக்கு மேல் ஃபேன் ஓடுகிறதாம். கரண்டு மிச்சம் பிடிக்கிற அதே அக்கா! அம்புக்குறி அசையாமல் நின்றால், நான் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்று மானிட்டர்மேல் துண்டைப் போட்டு மூடுகிறாராம். கூட வேலை செய்கிறவள் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் என் அம்மாகூடக் கதவைச் சாத்த மறந்துவிடுவாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் அம்புக்குறி நகரவே இல்லை. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லி அக்காவைப் போனில் பிடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் குரல் கேட்டது. யாரையோ கூட்டிவந்திருந்தார்.

“இதான் உங்க சீட்டு. உக்காருங்க.”

அங்கே நாற்காலி இழுபடும் சத்தம்.

“அதுல உக்காராதீங்க சார், ஆளு இருக்குது” என்றார் அக்கா.

“எங்க இருக்குது?”

“தோ, பாருங்க.”

நல்லவேளை, நெட் திரும்பியிருந்தது. குழந்தையை இடது கையால் அணைத்தபடி ஹாலின் சுவரை இழுத்தேன். கதவை வைத்தேன். ஒரு ஜன்னல் போட்டேன்.

“ஜன்னலு சின்னதா இருக்குது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு” என்றார் முதலாளி.

“நீங்களே சொல்லுங்களேன் சார். எதிர்லதான இருக்குது.”

முதலாளி தொண்டையைக் கனைத்தார். புது ஆளுக்கு வேறு சேர் எடுத்துப் போடச் சொன்னார். பிறகு அவர் குரல் மானிட்டருக்குப் பக்கத்தில் வந்தது.

“ஏம்மா, அந்த ஜன்னலக் கொஞ்சம் பெருசாக்கு.”