கொழும்பைப் பிடிக்கும் பெட்டி

எங்கள் வீட்டு மின்விசிறி காலையிலிருந்து மாலை வரை இடமும் வலமுமாகத் தலையாட்டுகிறது. மலாயாவில், எங்கள் பிரிக்பீல்ட்ஸில் மின்சாரம் வந்த வீடுகளில் இது புதுமையல்ல. ஆனால் முப்பது வருடம் ரயில்வே அலுவலகத்தில் லீவு விண்ணப்பத்தோடு நின்று பழகிய எனக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தலைமைக் குமாஸ்தாவின் நினைவு வருகிறது. அவரும் நாம் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டத் தொடங்கிவிடுவார். விசிறியிடமிருந்து காற்றாவது வருகிறது.

இங்குள்ள மின்சாரச் சாமான்கள் வாங்கத் தக்கவையா என்று யாழ்ப்பாணத்திலிருந்து சிலர் எழுதிக் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். விசிறி நல்லது. மின்சார இஸ்திரிப்பெட்டி கரி கேட்காது. கொஞ்சம் கண்ணயர்ந்தால் சட்டையைக் கேட்கும். டார்ச் லைட், பாம்பு இல்லாத இடங்களில் பிரகாசமாக எரியும். ரேடியோவைப் பற்றி அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

பென்ஷன் கிடைத்ததும் ஊர் திரும்புவதாக மனைவி பாக்கியத்துக்குச் சொல்லியிருந்தேன். கப்பல் பயணப் படிவங்கள் எனக்கு மனப்பாடம். நிரப்பி மேசை லாச்சியில் வைத்தும்விட்டேன், தேதியை மட்டும் போடவில்லை. மகள் கிள்ளானில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் ஞாயிறுதோறும் வருவார்கள். பாக்கியத்தின் ஒரே அண்ணர் ஊரில் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார். நன்றாகத் தேவாரம் பாடுவார். பாடுமுன் மூன்று முறை செருமுவார். கல்யாணமாகி நாங்கள் மலாயாவுக்குப் புறப்பட்ட அன்று யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கு வந்தார். ஜன்னலருகே நின்று தங்கையிடம் ஏதோ சொல்வதற்காகச் செருமினார். வண்டி ஊதிவிட்டது. அவர் சொல்ல வந்தது என்னவென்று பாக்கியம் இன்றுவரை யோசிக்கிறாள். பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கொழும்பு ரேடியோவில் கால் மணி நேரம் பாடுகிறாராம். மூச்சு இரைக்கிறது, இனிமேல் கூப்பிட்டாலும் போவேனோ தெரியாது என்று கடைசியில் எழுதியிருந்தார். பாக்கியம் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அன்று மாலையே நான் கடைக்குப் போனேன். ஊரை வீட்டுக்கே கொண்டு வருகிறேன் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கடைக்காரர் சீனர். சிலோன் பிடிக்க முடியுமா என்ற அர்த்தத்தில், "சிலோன் போலே?" என்று மலாய் மொழியில் கேட்டேன். "போலே, துவான், போலே," என்று உறுதியாகச் சொன்னார். கிடைக்கும் ஐயா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சிலோன் பினாங்குக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவர் விசாரித்தபோது பெட்டி ரிக்‌ஷாவில் ஏறியாகிவிட்டது.

ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டும். மூன்று பிரதிகளில் விண்ணப்பித்து வாங்கினேன். பெட்டியோடு வந்த புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். இடி மின்னலின்போது ஏரியல் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்று அதில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த வீட்டு மாணிக்கம், செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர், கூரையிலிருந்து ரம்புத்தான் மரம்வரை கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுத்தான்.

மலாயா நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் ஒரு மணி ஐம்பது நிமிட வித்தியாசம். கணக்குப் பார்த்து, வெள்ளிக்கிழமை நாலு பத்துக்குப் பெட்டியைத் திறந்தேன். பாக்கியம் தலை முழுகிப் பட்டுச்சேலை உடுத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளைக்காரர் ரப்பர் விலை வாசித்தார்.

"ஐயா, உங்க மச்சான் நல்லா இங்கிலீஷ் பேசுறாரு," என்றான் மாணிக்கம்.

பாக்கியம் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மாணிக்கம் தலையைச் சொறிந்தான். "ஒன்னு கேக்கவா ஐயா? சூரியன் முதல்ல நமக்கு வருதா, உங்க ஊருக்கா?"

கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறேன்.

"இத்தனை வருஷம் டைம் டேபிள் போட்ட கை லா இது," என்றான், இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து. "நல்லவேளை, நான் சைக்கிள்ல போறவன்."

ஏழு ஐம்பதுக்கு மறுபடி உட்கார்ந்தோம். அதற்குள் பத்துமலைப் பக்கம் மின்னத் தொடங்கியிருந்தது. நான் எழுந்து ஏரியல் கம்பியில் கை வைத்தேன்.

"கழட்டாதேங்கோ," என்றாள் பாக்கியம்.

"சிவப்பு எழுத்திலை போட்டிருக்கு. வீடு எரிஞ்சாலும் எரியும்."

"எரியட்டும். டிக்கெட்டுக்குப் பதிலா இதைத்தானே வாங்கித் தந்தனீங்கள்."

கையை எடுத்துக்கொண்டேன். அச்சில் வந்த விதி ஒன்றை நான் தெரிந்தே மீறியது அதுதான் முதல் தடவை.

பெட்டிக்குள் அப்பளம் பொரிந்தது. அதற்குள்ளிருந்து யாரோ தமிழில் ஒரு பெயர் சொன்னார்கள், பாதிதான் கேட்டது. பிறகு ஒரு செருமல். இரண்டாவது. மூன்றாவது. பாக்கியம் என் முழங்கையைப் பிடித்தாள். வெளியே இடி விழுந்தது. பெட்டிக்குள் ஏதோ கருகும் மணம் வந்தது. அதோடு சத்தம் நின்றுவிட்டது.

மாணிக்கம் மெதுவாக எழுந்து போய்விட்டான். பாக்கியம் அழுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணைதான்," என்றாள். "கேட்டனீங்களோ? மூண்டு தரம்."

மறுநாள் லாச்சியைத் திறந்து படிவத்தில் தேதி போட்டேன். திரும்பி வரும் நாள் என்று இன்னொரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று அவளைக் கேட்டேன். கிள்ளானுக்குச் சொல்லிப்போட்டு எழுதுவம் என்றாள். அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

ரேடியோ பற்றி என் அபிப்பிராயம் கேட்பவர்களுக்கு: பெட்டி பேசுவதில்லை, டயலுக்குள் இருக்கும் சின்ன பல்பு மட்டும் எரிகிறது. திருத்தக் கொடுக்கிறேன் என்றால் பாக்கியம் விடுவதில்லை. பொழுது சாயும்போது சாமி அறையில் விளக்கேற்றுகிறாள். ஏழு ஐம்பதுக்கு ஹாலுக்கு வந்து ரேடியோவின் குமிழைத் திருகுகிறாள். டயலில் மஞ்சள் வெளிச்சம் பரவுகிறது.

"அங்கை இப்பதான் விளக்கு வைக்கிற நேரம்," என்கிறாள்.