சரோஜாக்கா மறைத்த ஒரு சாமான்

சரோஜாக்கா போய்விட்டார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை.

இரத்தினபுரியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி, வழக்கம்போலத் தேநீருக்குக் கை காட்டாமல் என் கடைக்கு முன்னால் வந்து நின்றார். "அக்கே, சரோஜா அக்கா நெதிவுணா" என்றார். சாவுச் செய்தியைச் சிங்களத்தில் சொன்னால் என்ன, தமிழில் சொன்னால் என்ன, வயிற்றில் ஒரே மாதிரிதான் விழுகிறது. ஆனாலும் எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. முன்பும் ஒரு தடவை இப்படித்தான். ஆஸ்பத்திரியில் அவரை வேறு கட்டிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். காலிக் கட்டிலைப் பார்த்த யாரோ ஒருத்தர் ஊருக்குள் கதையைப் பரப்பிவிட, நான் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் அக்கா உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். "நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா, கடைய எப்ப மூடுவாங்கன்னு கேக்க வந்தியா?" என்றார். அந்த ஞாபகத்தில் கண்டக்டரிடம், யார் சொன்னது, கண்ணால் பார்த்தீர்களா என்று விசாரித்தேன். அவர் ரோட்டுக்கு எதிர்ப் பக்கத்தைக் காட்டினார். அக்காவின் மகள் கலா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நம்பினேன்.

றக்வான பஸ் ஸ்டாண்டில் ஏறி இறங்கிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் இரண்டு கடைகளையும் தெரியும். பஸ் நிற்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இரண்டு கடையிலும் பருப்பு வடை, ரோல்ஸ், பால் தேநீர். பஸ் நிற்கிற கொஞ்ச நேரத்தில் சனம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தக் கடைக்குத்தான் பிழைப்பு. பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் திரும்பும். காரணம் அக்காவின் வடை. அதை இங்கே வாங்கிப் பையில் போட்டு, இத்தனை வளைவும் இறங்கி, இரத்தினபுரியில் வெளியே எடுத்துக் கடித்தாலும் மொறுமொறுவென்று இருக்கும். என்னுடைய வடை சட்டியிலிருந்து இறக்கியதும் நன்றாகத்தான் இருக்கும். பாதி வழியில் இருக்கிற பெல்மதுளைக்குப் போகும் முன்பே நமத்துப் போய்விடும். என் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த வடையை நம்பித்தான் இருந்தது. அக்கா மாவில் எதையோ போடுகிறார், அது என்னவென்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் கொழும்புப் பயணங்கள் அதில்தான் ஆரம்பித்தன. அக்கா ஒரு முறை சாமான் வாங்கப் போகிறேன் என்று தனியாகக் கொழும்புக்குப் போய் வந்தார். மறுநாள் அவர் கடையில் மரவள்ளிக் கிழங்கு, மெல்லிசாகச் சீவிப் பொரித்து, மிளகாய்த்தூள் தூவி, காகிதச் சுருளில். கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் விற்கிற அதே சாமான். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தன. இனி இந்த மனுஷியைத் தனியாக விடக்கூடாது என்று அன்றே தீர்மானித்து, "அக்கா, அடுத்த தடவ போறப்ப சொல்லுங்க, தொணைக்கு நானும் வாறேன்" என்றேன்.

"தொணைக்கா, காவலுக்கா?" என்று கேட்டார். ஆனால் வராதே என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அப்போதே எனக்கு உறுத்தியது.

விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்பினால் புறக்கோட்டையில் இறங்கும்போது நல்ல பசி. பெரிய ஹோட்டல் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒரு சாமானை வாங்கி இரண்டாகப் பிய்த்துக்கொள்வோம். அப்போதுதான் நிறையக் கடை பார்க்கலாம். தள்ளுவண்டியில் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை, உப்பும் மிளகாயும் புரட்டிய அன்னாசித் துண்டு, பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் சமோசா, கண்ணாடிப் போத்தலில் ஊறுகிற மாங்காய் அச்சாறு, வெயிலுக்கு ஒரு சர்பத். பிய்க்கிற வேலையை எப்போதும் அக்காதான் செய்வார். பெரிய பாதி எனக்கு வரும். பெரிய பாதியைக் கொடுத்துவிட்டு மசாலா இருக்கிற பாதியை அவர் வைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் பட்டது. ஒரு நாள் கையிலிருந்ததை மாற்றிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதிலும் ஒன்றுமில்லை.

ஊரில் என் கண்ணுக்கு அவர் எப்படியோ, கொழும்பில் அவர் கண்ணுக்கு ஒவ்வொரு கடைக்காரனும் அப்படி. யாரையும் நம்பமாட்டார். வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பார், துடைக்கிற துணியைப் பார்ப்பார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். ஒருவன் பல்லெல்லாம் தெரிய, "வாங்க தங்கச்சி, சூடா இருக்கு" என்று கூப்பிட்டபோது என் முழங்கையைப் பிடித்து இழுத்துவந்தார். "சிரிச்சு கூப்பிடுறவன் கடையில திங்காத. அவனுக்கு நேத்து சுட்டது மிச்சம் கெடக்கு" என்றார். இன்னொன்றும் சொல்வார்: "கடக்காரன் மொகத்த பாக்காத, அவன் பக்கத்து கடக்காரன் எங்க திங்கிறான்னு பாரு." இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் அந்த ஊரில் கண்டதையும் தின்றோம். ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை.

காலிமுகத் திடலில் நடந்ததைச் சொன்னால்தான் அக்கா யாரென்று உங்களுக்கு முழுதாகப் புரியும். கடற்காற்றில் இறால் வடை வண்டிகள் வரிசையாக நிற்கும் இடம். அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு வியாபாரத்துக்குப் போதுமான அளவுதான். அவர் ஒரு வண்டிக்காரனோடு படபடவென்று பேசினார். அவன் சட்டியைக் காட்டி ஏதோ சொன்னான். இவர் குனிந்து மெதுவாக எதையோ கேட்டார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆகா, விஷயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கை கழுவப் போன நேரம் பார்த்து ஒரு வடையை வாங்கி, காகிதத்தில் சுற்றி, பிள்ளைக்கு வாங்கிய சட்டைத் துணிக்கு அடியில் ஒளித்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா?

வீட்டில் பையைத் திறந்தபோது வடைக்குப் பக்கத்தில் ஒரு கரித்துண்டும் ஒரு செத்தல் மிளகாயும் கிடந்தன. எண்ணெய்ப் பலகாரத்தை ரோட்டில் கொண்டுபோனால் வாசத்துக்குக் காத்துக் கருப்பு பின்னால் வரும், அதற்குக் கரியும் மிளகாயும் வைக்கவேண்டும் என்பது எங்கள் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பையில் பலகாரம் இருப்பது தெரிந்தவர்தானே அப்படி வைக்கமுடியும்? அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே. அப்படியென்றால் இது காவலுக்கு வைத்த கரி இல்லை, என் கடை படுத்துப்போக வைத்த செய்வினை. யார் வைத்திருப்பார்கள் என்று யோசிக்கவே தேவையில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் ஒருத்தர்தானே?

மறுநாள் காலை அந்தக் கரியைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். பஸ் நிற்கிறது, சனம் நிற்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. "என்னாங்க இது? எம் பையில இத யாரு வச்சது?" என்று கத்தினேன்.

அக்கா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாந்தான் வச்சேன். நீ துணிக்கு அடியில ஒளிச்சா எறா வட வாசம் அடிக்காதா? அந்த வளைவுல என்னமாச்சும் ஒன்ன புடிச்சுக்கிட்டா அப்புறம் நான் யாரு கூட சண்ட போடுறது?"

"நீங்க கை கழுவத்தானே போனீங்க? எப்ப பாத்தீங்க?"

"நீ என்னய பாக்காம இருந்த நேரம் எது, நான் ஒன்ன பாக்காம இருக்க?" என்றார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மானம் போனது எனக்குத்தான். அன்றைக்கு அவர் ஒரு வடையை எடுத்து என் கையில் வைத்து, "அங்க வாங்குனத பிய்ச்சு பாத்துட்ட இல்ல, இதயும் பிய்ச்சு பாரு" என்றார். நான் பிய்த்துப் பார்த்தேன், வெட்கமே இல்லாமல். பருப்பும் வெங்காயமும் கறிவேப்பிலையும்தான் இருந்தன. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பயணத்திலும் என் பையில் ஒரு கரித்துண்டு வந்துசேரும். எப்போது போடுகிறார் என்று நான் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை.

சீனி வியாதி காலில் ஆரம்பித்து உள்ளே போய், அக்காவைக் கட்டிலில் போட்டது. கடைசியாக நான் பார்க்கப் போனபோது முகம் வீங்கியிருந்தது. கலாவைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டு, "கிட்ட வா, சொல்லிர்றேன்" என்றார். நான் கட்டிலோடு ஒட்டிக் குனிந்தேன்.

"பருப்ப ரொம்ப நேரம் ஊறப்போடாத. வடிச்சு துணியில பரப்பி ஈரத்த எடு. ஒரு பிடிய முழுசா ஒதுக்கி வச்சுக்க. மிச்சத்த ஒரு சொட்டு தண்ணி இல்லாம கொரகொரன்னு இடிச்சு, ஒதுக்குனத அதுல சேரு. வெங்காயத்தையும் உப்பையும் எண்ண காஞ்ச பெறகு மாவுல போடு, முன்னாடி போட்டா தண்ணி விட்டுரும். ரெண்டு தடவ பொரி. ஆறுற வரைக்கும் மூடாத."

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"நான் சத்தியம் பண்ணினா நீ நம்புவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு கேக்குற?" என்று கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன். அழுதுகொண்டே அவர் சொன்னதை ஒவ்வொன்றாகப் புரட்டி, இதில் எது பொய் என்றும் தேடிக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த மாதிரிச் சுட்டுப் பார்க்கவில்லை. தோற்றால் கட்டிலில் கிடந்தே சிரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

கருமாதிக்கு வடை சுட யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது கலா என்னைக் கூப்பிட்டாள். அக்காவின் அடுப்படிக்குள் நான் கால்வைத்தது அன்றுதான். கலா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு டின் விடாமல் திறந்து முகர்ந்து பார்த்தேன். பருப்பு, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு. உப்பு டின்னுக்குப் பக்கத்தில் சின்னதாக உடைத்து வைத்த கரித்துண்டுகள் ஒரு பால்மா டின் நிறைய. வேறு ஒன்றுமே இல்லை.

"என்னா தேடுறீங்க சித்தி?" என்று கலா பின்னால் வந்து நின்றாள். கையிலிருந்த டின்னை அவசரமாக மூடினேன். அவள் சிரித்தாள். "அம்மாவும் இப்படித்தான். ஒங்க பால் டீயில என்னா போடுறீங்கன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலன்னு பொலம்பும். ஒங்கள தனியா கொழும்புக்கு விட்டா எதையாச்சும் கத்துக்கிட்டு வந்துருவீங்கன்னுதான் கூடவே கூட்டிக்கிட்டு போகும்." பழைய உறுத்தல் ஒன்று அன்றைக்குத் தீர்ந்தது. டீயில் நான் எதையும் போடுவதில்லை. அதைச் சொன்னாலும் அக்கா நம்பியிருக்கமாட்டார்.

அவர் சொன்னபடியே ஒன்று விடாமல் செய்தேன். படையல் முடிந்து வடை நன்றாக ஆறியபிறகுதான் சனம் அக்காவின் கடைவாசலில் சாப்பிட உட்கார்ந்தது. கண்டக்டர் கடித்தபோது எனக்கே சத்தம் கேட்டது. "அக்காகே வகேமய்" என்றார். அக்கா சுட்ட மாதிரியே இருக்கிறதாம். இந்த ஒரு வார்த்தையை இந்த ஊரின் வாயிலிருந்து கேட்கத்தானே நான் இவ்வளவு காலமும் அடுப்போடு வெந்தேன்! பழக்கதோஷத்தில், அக்காவின் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க எதிர்ப் பக்கம் திரும்பினேன். எதிரே என் கடைதான் இருந்தது. அன்று அதையும் மூடி வைத்திருந்தேன்.

கலா கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கத்துப் பலகைகள் அடைத்தபடியே இருக்கின்றன. பஸ் நின்றால் சனம் முழுக்க இந்தப் பக்கம் வருகிறது. இதுதான் ஜெயித்தது என்றால் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

போன கிழமை தனியாகக் கொழும்புக்குப் போனேன். காலிமுகத் திடலில் அதே வண்டிக்காரன், இன்னொரு அக்கா எங்கே என்று கேட்டான். ஒரு இறால் வடை வாங்கினேன். பிய்க்க ஆள் இல்லாததால் முழுசாகவே காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். வடை இருந்தது. கரித்துண்டு இல்லை. துணியெல்லாம் உதறிப் பார்த்தேன். பிறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பால்மா டின்னைக் கலாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தூரத்துப் பஸ்ஸுக்குப் போகிற ஒவ்வொரு வடைப் பொட்டலத்திலும் அதிலிருந்து ஒரு துண்டு போடுகிறேன். அதோடு ஒரு சந்தேகமும் என்னிடம் மிச்சம் இருக்கிறது. அக்கா, நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள் என்கிறாள் கலா. வடையும் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் நான் நம்பவில்லை. ஏதோ ஒரு சாமானை மறைத்துவிட்டீர்கள். அப்படி இல்லையென்றால், இனி உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுமே இருக்காது.