சாவியில்லாமல் எரிந்த சிவப்பு விளக்கு

என் பெயர் சிவப்பிரகாசம். ஊர் புதுச்சத்திரம். சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த அந்தோணி அண்ணன் இன்று காலை காலமானார் என்பதை நண்பர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

மாரடைப்பு. அடக்கம் நாளை மாலை, அவருடைய பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில்.

அவர் மனைவி ரோஸி அக்கா போனில் சொன்னபோது நான் கொட்டகையில், மறைந்த என் அப்பாவின் பழைய கறுப்புக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. டாஷ்போர்டில் சார்ஜிங் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது…

எரியக் கூடாது. சாவியை எடுத்தால் அணைந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த விளக்கின் விதி.

சில மாதங்களாகவே இப்படி. சில நாள் எரியும், சில நாள் எரியாது. எரிந்த மறுநாள் பேட்டரி செத்துக் கிடக்கும்.

அண்ணன் வந்தால் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, மீண்டும் லேசாகத் தொட்டுப் பார்ப்பார். எல்லாம் அணைந்திருக்கும் வண்டியில் தீப்பொறி வரக் கூடாது.

வரும்.

"உள்ள யாரோ முழிச்சிருக்காங்க சார்" என்பார், குரலைத் தாழ்த்தி.

"யாருங்கண்ணா?"

"உங்கப்பாவா இருக்கும். பையன் வண்டிய ஒழுங்கா தொடைக்கறானான்னு பாக்கறாரு."

சிரித்தேன். ஆனால் அன்று முதல் கொட்டகைக்குள் தனியாகப் போகும்போதெல்லாம் ஒருமுறை இருமிவிட்டுத்தான் போகிறேன்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைப் பிரித்துக் கார்பன் மாற்றினோம். வண்டி நின்ற பிறகும் பேட்டரியின் கரண்ட் டைனமோவுக்கே திரும்பிப் போகிறதோ என்று சந்தேகப்பட்டு, அதைத் தடுக்க வேண்டிய கட்-அவுட்டையும் மாற்றினோம். விளக்கு எரிந்தது.

கடைசி வாரங்களில் இடுப்பு வலி. அவரால் குனிய முடியவில்லை. கடையில் இருந்தபடி போனில் சொல்வார், நான் பார்ப்பேன்.

"சாவி சுவிட்ச்சுக்குப் பின்னால பாத்துரட்டுங்களா?"

"அங்க மட்டும் கை வைக்காதீங்க. போன வருசம் நானே புதுசு போட்டு, ஒயரெல்லாம் கட்டி உட்டது. அது தப்பு பண்ணாதுங்க."

கை வைக்கவில்லை.

அந்தக் காரின் மேல் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. "நான் போற அன்னிக்கு ரோஸி இந்த வண்டிலதான் என் பின்னாடி வரணும் சார். வழில நிக்கப்படாது, ஆமா. நான் எந்திரிச்சு வந்து தள்ள முடியாது."

வாக்குக் கொடுத்திருந்தேன். பழுது எதுவென்று தெரியாத வண்டியை ரோட்டில் இறக்குவதில்லை என்பது என் விதி. அதுவும் அவருக்குத் தெரியும்.

போனை வைத்தேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நல்ல பகல். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம். இருந்தும் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இறங்கி, பேட்டரி வயரைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தொடக் கூடாதென்று அவர் சொன்ன இடத்துக்குள் கையை விட்டேன்.

விரலில் ஏதோ சிக்கியது. உடம்புச் சூடு இருந்தது அதற்கு.

மெல்லிய சங்கிலி. அதில் வேளாங்கண்ணி மாதா பதக்கம். வயர்க் கட்டோடு வெள்ளை நூலால் கட்டியிருந்திருக்கிறது… நூல் இற்றுப்போய், சங்கிலி சுவிட்சின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே சரிந்து கிடந்தது. கொட்டகையில் இன்ஜினைப் போட்டுப் பார்க்கும்போது வரும் குலுக்கலில் சில நாள் பட்டும், சில நாள் விலகியும்.

மதியம் பஸ் ஏறிச் சேலம் போனேன். அண்ணனைப் பார்த்தேன். ரோஸி அக்காவிடம் சங்கிலியைக் காட்டினேன்.

"அவருதான் கட்டுனாரு தம்பி. ரோட்ல பூரா லாரி, சார் ஒத்தையில போறாரேன்னு. சொன்னா நீங்க சட்டம் பேசுவீங்கன்னு சொல்லல. அப்பறம் அவரே மறந்துட்டாரு போல…"

வீடு திரும்பி வயரைத் தொட்டுப் பார்த்தேன். பொறி இல்லை. மறுபடியும் தொட்டேன்.

இல்லை. உள்ளே யாரும் விழித்திருக்கவில்லை.

போய் வாருங்கள் அண்ணா.

சங்கிலிக்கும் பதக்கத்துக்கும் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை காலை அதை அதே இடத்தில் கட்டுவேன். பிறகு சேலம் போய், ரோஸி அக்காவை ஏற்றிக்கொண்டு, அண்ணனுக்குப் பின்னால் அந்தக் காரை ஓட்டுவேன்.

கொட்டகைக்குள் நுழையும்போது இருமிவிட்டுத்தான் போவேன்.