வெள்ளையாய்ப் போன மான் படம்

மறுபடி சண்டை தொடங்கிய வருடம். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த ஒரு கமராக் கடையில் நடந்தது இது.

நான் நிலாவெளியில் படகு எஞ்சின் திருத்துகிறவன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. படம் எடுப்பது மட்டும் விட முடியாத ஆசை. பிலிம் கமரா ஒன்று வைத்திருந்தேன். உப்புக் காற்றில் அது செத்துப் போனது. சட்டைப் பைக்குள் அடங்குகிற டிஜிட்டல் கமரா ஒன்று வாங்க நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம். அண்ணன் என்ற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு கமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும், மற்றதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். அடுத்தது அவ்வளவு தூரம் போகாது. ஆனால் வெளிச்சத்தை நம் கையால் கூட்டலாம், குறைக்கலாம். விடியப்புறம் கரைவலை இழுக்கிறவர்களை எடுக்க அதுதான் சரி. கடல் பறவைகளுக்கு முதலாவது வேண்டும். மாறி மாறிப் பார்த்தேன்.

"பொம்பிள பாக்கப் போறவனும் இவ்வளவு நேரம் எடுக்கமாட்டான் தம்பி" என்றார் நானா.

கடைக்குள் இருட்டு. இரண்டாவது கமராவில் வெளிச்சத்தை நன்றாகக் கூட்டி, அலுமாரியை ஒரு படம் எடுத்தேன். அப்போது வாசலில் ஒரு மான் வந்து நின்றது. திருகோணமலையில் மான்கள் ஆடு மாடு போலத் தெருவில் திரியும். அது வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. கையில் இருந்த கமராவாலேயே எடுத்தேன். பிளாஷ் தானாக அடித்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் கடற்படைக் காவலரண். மானைப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை. மண்மூட்டைக்குப் பின்னால் நின்றவன் துவக்கோடு இறங்கி வந்தான்.

அந்த நாட்களில் காவலரணைப் படம் எடுத்தான் என்று கொண்டுபோனால், திரும்பி வருவது நிச்சயமில்லை.

பிலிம் பழக்கம் என் கையில் இருந்தது. மூடியைத் திறந்து வெளிச்சம் பட விட்டால் படம் கெட்டுவிடும். திறந்தேன். பற்றரி கழன்று விழுந்து அலுமாரிக்கு அடியில் போய்விட்டது.

"என்ன தம்பி செய்தீங்க? இது பிலிம் இல்ல. வெளிச்சத்துக்கு அழியாது."

"பட்டன அமத்தி அழியுங்க நானா."

"பற்றரி இல்லாம ஏலாது."

அவன் உள்ளே வந்துவிட்டான். சின்ன வயது. தமிழ் கொஞ்சம் கதைத்தான்.

"படம் காட்டு."

"பற்றரி விழுந்திட்டுது ஐயா."

"எடு."

குப்புறப் படுத்து, அலுமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். துவக்கின் முனை முதுகுக்கு நேரே இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"எஞ்சின் திருத்திற ஆள், சேர். கமரா வாங்க வந்தவர்" என்றார் நானா.

"நீ வாய் மூடு."

நானா மூடவில்லை. "கடை என்ட. கமராவும் என்ட. கேக்கிறதெண்டா என்னைக் கேளுங்க."

பற்றரி விரலில் பட்டது. எழும்பிப் போட்டேன். படம் வந்தது.

மான் வெளுத்துப்போய் நின்றது. அதற்குப் பின்னால் தெரு இல்லை, மண்மூட்டை இல்லை. ஒரே வெள்ளை. இருட்டுக் கடைக்காகக் கூட்டிய வெளிச்சத்தை நான் குறைக்க மறந்திருந்தேன். மத்தியான வெயில் மிச்சத்தை எரித்துவிட்டது.

அவன் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தான். பிறகு மானின் கிழிந்த காதில் விரலை வைத்தான்.

"இந்த மான் நம்ம பாண் எல்லாம் தின்றது" என்றான். காவலரணுக்கு வரும் ரொட்டியைச் சொன்னான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கமராவைத் திருப்பித் தந்தான்.

"கமரா நல்லம். உனக்குப் படம் எடுக்கத் தெரியாது."

"ஓம் ஐயா. தெரியாது" என்றேன்.

அவன் போனான். நானா கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். எனக்கும் தந்தார்.

"எது தம்பி வேணும்?"

கையில் இருந்ததைக் காட்டினேன். மற்றதில் எடுத்திருந்தால் மண்மூட்டையின் தையலும் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நல்ல படங்கள் எத்தனையோ எடுத்துவிட்டேன். அந்தக் கெட்டுப்போன படத்தை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. அன்று என்னை வீட்டுக்கு அனுப்பியது அதுவும், மூடு என்றபோது வாயை மூடாத அந்த மனிதரும்தான்.