இருபது விநாடிக் கிண்ணம்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘நிழல்’. பார்வையாளர்களுக்குப் பின்னாலேயே போவதுதான் உத்தியோகம். வாசலைத் தாண்டுகிற ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் ஓசைப்படாமல் தொடர்ந்து, எந்தப் பெட்டி முன் எத்தனை விநாடி நிற்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்வாள். பதினான்கு வருஷமாக இதே பிழைப்பு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால்கூட, எந்தப் பலகாரத்தின் மேல் கண் எத்தனை நேரம் நின்றது என்று சொல்லிவிடுவாள்.

இந்த முறை பழைய சீனப் பீங்கான் கண்காட்சி. ஆளுயர நீல ஜாடிகளையும் டிராகன் தட்டுகளையும் ஜனம் மொய்த்தது. இவள் மனசைப் பறிகொடுத்ததோ கடைசிப் பெட்டியில் இருந்த பச்சைக் கிண்ணத்திடம். என்றோ யாரோ கைதவறிப் போட்டு மூன்று துண்டானதை, இன்னொருவர் துளையிட்டுக் குட்டி இரும்புக் கொக்கிகளால் சேர்த்திருந்தார். திறப்பு நாளுக்கு முன்பு, பெட்டியை மூடுவதற்குள் அதைக் கிட்டத்தில் பார்த்தவள் சொக்கிப்போய்விட்டாள்.

அதிகாரியிடம் இந்தச் சொக்கலெல்லாம் எடுபடாது. நூறு பேர் நின்ற நேரத்தின் சராசரி இருபது விநாடியைத் தொடாவிட்டால் கிண்ணம் கிடங்குக்குப் போகும், அங்கே செல்ஃபி எடுக்க ஒரு பலகை வரும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் தொண்ணூற்றொன்பது பேர் முடிந்தார்கள். சராசரி பதினெட்டு. நூறாவது ஆள் கிட்டத்தட்ட நாலு நிமிடம் நின்றால்தான் கிண்ணம் கரையேறும். நடக்கிற காரியமா?

நூறாவது ஆளாக அவள் கணக்கில் விழுந்தவர் அவளுடைய கணவர். அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த செல்போனைக் கொடுக்க வந்திருந்தார். தெரிந்தவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் தூணுக்குப் பக்கவாட்டில் நின்ற அவளை அவர் பார்க்கவில்லை. ஜாடிகளைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கடைசிப் பெட்டிக்குப் போய் நின்றார். ஒரு நிமிடம், இரண்டு, நாலேகால். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விதியாவது ஒன்றாவது என்று எழுதியே விட்டாள். அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

பக்கத்தில் போய், “இவ்வளவு நேரமா கிண்ணத்தையா பாத்தீங்க?” என்று கேட்டாள்.

“கிண்ணமா? இங்க கிண்ணம் இருக்கா என்ன?”

அவரை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றாள். மேல்விளக்கின் ஒளி பெட்டியின் கண்ணாடி முகப்பில் பட்டுக் கூசியது. காதில் பென்சில் செருகிய அவள் முகம்தான் பளிச்சென்று தெரிந்தது, கிண்ணத்தைக் காணோம். மூன்று வாரமாக ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஆட்கள் நிற்கிற இடத்தில் ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கணவரின் நாலேகால் நிமிடத்தை அழித்தாள். ‘சராசரி பதினெட்டுதான். ஆனால் இவர்களில் எவரும் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இதைக் கவனிக்காதது என் தவறு’ என்று எழுதி, அதிகாரியைக் கையோடு அழைத்துவந்து அங்கேயே நிறுத்தினாள். அவர் தன்னையறியாமல் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு அசடு வழிய, மின்பணியாளரைக் கூப்பிட்டார்.

ஏணியில் ஏறியவர் விளக்கை ஒரு சாண் திருப்பினார். பச்சைக் கிண்ணம் கொக்கிகளோடு முழுசாகத் தெரிந்தது. அதிகாரி குனிந்தார்.

“இறங்கலாமா சார்?” என்று மின்பணியாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். அதிகாரி நிமிரவே இல்லை.