காரணம் எழுத முடியாத கடன் அதிகாரி

கடன் கொடுப்பதற்குத்தான் வங்கியில் எனக்குச் சம்பளம். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்டது, கொடுக்காமல் அனுப்புவது எப்படி என்பதைத்தான். தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு அரசு வங்கிக் கிளை என்னுடையது. கடன் கேட்டு நடந்தே செருப்புத் தேய்ந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம். மேசைக்கு இந்தப் பக்கம் நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பத்திரம் எங்கே?

ராஜாமணி பாக்குமட்டைத் தட்டு செய்யும் பெண்மணி. இருப்பது ஒரே ஒரு மெஷின். ஒரு கல்யாண மண்டபத்தில் ஆவணி முகூர்த்தங்களுக்கெல்லாம் தட்டு கேட்டிருந்தார்கள். இன்னொரு மெஷின் வாங்கினால் ஆர்டர் அவருக்கு, இல்லாவிட்டால் வேறு யாருக்கோ. சித்திரையிலேயே விண்ணப்பத்தோடு வந்துவிட்டார்.

காகிதமெல்லாம் சுத்தமாக இருந்தது. இவ்வளவு சின்னக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்பது எங்கள் பழக்கம். பழக்க தோஷத்தில் வீட்டுப் பத்திரம் கேட்டேன்.

"ஊட்டுப் பத்திரம் இருந்தா அடகுக் கடைக்காரரே கூப்பிட்டுக் குடுப்பாருங்களே சார், உங்களைய எதுக்குங்க தொந்தரவு பண்றேன்?"

உகந்ததல்ல

'தங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு உகந்ததல்ல' என்று ஒரு கடிதம் எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும். பெயரை மட்டும் நிரப்பினால் போதும். உங்களில் பலருக்கும் அது வந்திருக்கும். ராஜாமணிக்கும் அனுப்பினேன்.

மறுநாளே கடிதத்தோடு வந்து, என்ன காரணம் என்று கேட்டார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன், ஃபேனைப் பார்த்தேன், "மேலிடத்து முடிவுங்க" என்று மழுப்பினேன். அவர் போனதும் பக்கத்துக் கவுண்டரிலிருந்து கேஷியர் பழனிச்சாமி தலையை நீட்டினார்.

"பொண்ணு பாத்துட்டுப் போறவங்ககூட ஜாதகம் சேரலைன்னு ஒரு காரணத்தச் சொல்லிப்போட்டுத்தானுங்க சார் போறாங்க!"

போண்டாக் கூட்டம்

மாதம் ஒருமுறை வாடிக்கையாளர் குறைகேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி, வம்பு பேசாத நாலு டெபாசிட்காரர்களைக் கூப்பிடுவோம். போண்டா, காபி, ஒரு போட்டோ. 'குறை ஏதுமில்லை, அனைவரும் பாராட்டினர்' என்ற நடவடிக்கைக் குறிப்பை முந்தின நாளே டைப் செய்துவிடுவேன். வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பு!

அந்த மாதம் அழைக்காமலே ராஜாமணி வந்து உட்கார்ந்தார். கையெழுத்துக்காக அந்தக் குறிப்பு ஒட்டிய நோட்டு சுற்றி வந்தது. மற்றவர்கள் போண்டாவைக் கடித்துக்கொண்டே போட்டார்கள். இவர் கையைத் துடைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

"ஏனுங் சார், நான் இன்னும் வாயே தொறக்கலைங்க, அதுக்குள்ள எனக்குக் குறையே இல்லைன்னு எழுதிப்போட்டீங்களே!"

முப்பது நாள்

அடுத்து ராஜாமணியிடமிருந்து வந்தது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. கேள்வி மூன்றுதான். கடன் மறுத்த காரணம் என்ன? அடமானம் கேட்கச் சொல்லும் விதி எது? கடன் அதிகாரியின் மாதச் சம்பளம் எவ்வளவு? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மூன்றாவதற்கு உடனே எழுதிவிட்டேன். பொதுப்பணத்தில் வாங்குகிற சம்பளம், மறைக்க முடியாது. முதல் இரண்டுக்கும்தான் ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. ஒரு பெண்ணின் பிழைப்பை ஒன்றுமே இல்லாத காரணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. மேனேஜரிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுக்குக் காரணம் எழுதறதவிடக் கடனைக் குடுத்தர்றது சுலபம்ப்பா."

மூன்றாவது கேள்வி

ஆடியில் புது மெஷின் வந்து இறங்கியது. ஆய்வுக்குப் போயிருந்தேன். சூடான தட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஆவணிக்கு ஆர்டர் தயாராகிவிடும். மனசு லேசானதில், நெடுநாளாக உறுத்திய சந்தேகத்தைக் கேட்டேன்: "என் சம்பளம் உங்களுக்கு எதுக்குங்க?" ராஜாமணி சிரித்துக்கொண்டே மோர் டம்ளரை நீட்டினார்.

"ஒரு பத்திரமும் வெக்காம உங்களுக்கு மாசாமாசம் அவ்வளவு குடுக்கறாங்களே சார், எனக்கு ஒரேயொரு தடவ குடுக்கறதுக்கா இத்தனை யோசனைங்க?"

அன்றிலிருந்து எந்தக் கடனை மறுப்பதானாலும் காரணத்தை முதலில் எழுதிப் பார்க்கிறேன், பாதிக்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் பேனாவே நகர மாட்டேன் என்கிறது.