கலா அக்காவின் ஆளில்லா மைதானம்

கலா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் கணினி நிலையத்தில் கிரிக்கெட் கேம் போட்டிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. "ஐயோ, அப்ப சனிக்கிழமைக்கு ஆர் கேமைச் சரிபண்ணித் தாறது?" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

உங்களில் கிளிநொச்சியில் எங்கள் நிலையத்துக்கு வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரியும். கணினிகளைப் பழுதுபார்க்க வருபவர். எங்களிடம் இருந்தவை யாரோ பாவித்துக் கழித்தவை. பந்துவீச்சாளர் ஓடிவரும்போதே படம் நின்றுவிடும். மறுபடி அசையும்போது விக்கெட் போயிருக்கும். புதிய மெமரி வாங்கவேண்டும் என்று நான் துள்ளினேன். அவர் பெட்டியைத் திறந்து, விசிறியில் அப்பியிருந்த புழுதியைத் தூரிகையால் தட்டினார். பிறகு விளையாட்டின் செட்டிங்ஸுக்குள் போய் நிழல்களை நிறுத்தினார், புல்லின் அசைவை நிறுத்தினார், கடைசியில் பார்வையாளர்களையும் அகற்றினார்.

"என்னக்கா இது, கைதட்ட ஒரு சனமில்லை!"

"நீ அடி, நான் தட்டுறன். இப்ப பந்தைப் பார்."

பந்து தடங்கலில்லாமல் வந்தது. நான் அடித்தேன். சொன்னபடியே தட்டினார்.

அதன்பின் விளையாட்டு இழுத்தால் அவருக்குத்தான் அழைப்பு. இந்த வருடம் ஒருநாள் அழைத்தபோது, அவருக்குப் பின்னால் விட்டுவிட்டு 'பீப், பீப்' என்று கேட்டது. "அக்கா, நீங்களும் கேம் அடிக்கிறியள் போல" என்று பகிடி விட்டேன். சிரித்தார். "ஓமோம். முதல்ல பின்னால ஓடுறதெல்லாத்தையும் நிப்பாட்டு. பழைய மெசின், பாவம், ஒரு நேரத்தில ஒரு வேலைதான் குடுக்கலாம்" என்றார்.

அந்த 'பீப்', ஆஸ்பத்திரியில் அவருடைய இரத்தத்தைச் சுத்திகரித்த இயந்திரத்தின் சத்தம். சிறுநீரகம் பழுதாகி நெடுநாளாம். செத்தவீட்டில் அவருடைய கணவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்கட போன் வந்தா அவாக்குச் சந்தோசம் தம்பி. ஊசி ஏத்திக் கிடக்கேக்கையும் கதைப்பா. நீங்கள்தானே அவாவோட நல்ல ஒட்டு, அவாவைப் பற்றி எல்லாருக்கும் முன்னால நாலு வார்த்தை பேசுங்கோ" என்றார்.

எழுந்தேன். நிழலும் புல்லும் பார்வையாளரும் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரியாது. "நல்ல மனுசி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

கலா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கைப்பேசியிலுள்ள அவருடைய எண். எத்தனையோ தடவை அழைத்த எண். ஒருநாளாவது, "அக்கா, சுகமா இருக்கிறியளோ" என்று கேட்பதற்காக அதை நான் அழைத்ததில்லை.